ஆட்டம் எண் 40917

ஹௌகன் பண்ணை
ஜனவரி 9

மதிப்பிற்குரிய கேள்வி-பதில் பிரிவினருக்கு,

உங்கள் இணையதளத்தில் சொலிட்டேர் என்ற ஒற்றையாள் சீட்டாட்டம் ஆடுகிற வாடிக்கையாளர் நான். கிறிஸ்துமஸிலிருந்து ஆடுகிறேன். ஒரே ஆட்டத்தைத்தான் ஆடுகிறேன். உங்கள் பக்கத்தில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் படித்தும் தெளியாத சில சந்தேகங்களுக்காக இந்தக் கடிதம்.

கையில் மிஞ்சும் சீட்டுக்கட்டை எத்தனை முறை புரட்டலாம்? தவறாக வைத்த சீட்டை ஒரு அடி பின்னால் எடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறீர்களே, அதை அழுத்தி ஜெயித்தால் அது ஜெயித்ததாகக் கணக்கா, இல்லையா? எல்லா வழியும் அடைத்துக்கொண்டால் ஆடுகிறவர் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் அலுவலகத்தில் எய்விண்ட் ஹௌகன் என்று ஒருவர் வேலை பார்ப்பதாகக் கேள்வி. இந்தப் பதில்களையெல்லாம் எழுதுவதே அவர்தான் என்கிறார்கள். ஆள் கொஞ்சம் பிடிவாதம். முடிந்தால் வேறு யாராவது பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்


பெர்கன்
ஜனவரி 17

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

எங்கள் விளையாட்டில் ஆர்வம் காட்டியதற்கு நன்றி. கட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் புரட்டலாம். பின்வாங்கும் பொத்தானை அழுத்தினால் புள்ளி குறையும், ஆனால் வெற்றி வெற்றிதான். வழி அடைத்துக்கொண்டால் 'இதே ஆட்டத்தை மறுபடி' என்ற பொத்தானை அழுத்தி முதலிலிருந்து தொடங்கலாம்.

அக்கா, போதும். உறையைப் பார்த்ததுமே என்னோடு வேலை பார்க்கிற சுன்னிவா என் மேஜையில் கொண்டுவந்து போட்டுவிட்டாள். "உங்க அக்கா எழுதியிருக்காங்க. உங்க வீட்டுப் பேரையே பின்னாடி போட்டுட்டு வாடிக்கையாளராம்" என்று சிரித்தாள். எங்களுக்குக் காகிதத்தில் கடிதம் வந்தே ஆறு வருடமாகிறது. ஆபீசே கூடி நின்று பார்த்தது.

போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய். "இனி உன் குரல் இந்த வீட்டுல கேட்கக் கூடாது" என்று சொன்னது நீ. நான் அதை மீறவில்லை. எழுத்துக்குக் குரல் கிடையாது என்று நீயே ஒரு சந்து கண்டுபிடித்திருக்கிறாய், நானும் அதிலேயே வருகிறேன். மாடுகள் சௌக்கியமா? மாட்டுக் கொட்டகை ஆபீசில் அந்த மின்சார அடுப்பைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே, வைக்கோல் கிடக்கும்.

எய்விண்ட்


ஹௌகன்
பிப்ரவரி 14

எய்விண்டுக்கு,

குளிர்காலம் முழுக்க ஒளிந்திருந்த சூரியன் பன்னிரண்டாம் தேதி மலைக்கு மேலே வந்தது. நான்கு நிமிடம் சமையலறை மேஜையில் வெயில் இருந்தது. சூரியன் திரும்புகிற நாளுக்கென்று அம்மா சுடுவது போலவே பன் சுட்டேன். ஒன்பது சுட்டு இரண்டு தின்றேன். மீதியைக் கறவை ரோபோவைப் பழுது பார்க்க வந்தவன் தின்றுவிட்டுப் போனான்.

உன் பதில்களைப் படித்தேன். ஆபீஸ் மனிதனாகத்தான் எழுதியிருக்கிறாய். கிறிஸ்துமஸ் அன்று நடந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. நீ மறந்திருந்தால் நான் எழுதிவைக்கிறேன், ஒரு பிரதி உன்னிடம் இருக்கட்டும்.

அப்பா செப்டம்பரில் போனார். பத்தொன்பது வருடமாக இந்தப் பண்ணையும் அவர் முதுகும் என் பொறுப்பு. இனி அவர் இல்லை. பக்கத்துப் பண்ணை மாக்னார் நிலத்தையும் மாடுகளையும் வீட்டையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஆனால் மூத்தவள் நான் விற்றாலும், இந்த வீட்டில் பிறந்தவன் என்ற உரிமையில் நீ நாளைக்கு வந்து திருப்பிக் கேட்கலாம், சட்டம் அப்படி. அதனால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக நீ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அவர் வாங்குவார். மே ஒன்று வரை பார்ப்பார். அதற்கு மேல் அவர் கொட்டகைக்கு வேறு மாடுகள் வந்துவிடும்.

நான் அந்தத் தாளை ஆட்டு விலா வைத்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ தாளைப் பார்த்தாய், ஜன்னலைப் பார்த்தாய், உருளைக்கிழங்கை இரண்டாம் முறை போட்டுக்கொண்டாய். அப்புறம் சொன்னாய்: "அம்மா எதுக்கெடுத்தாலும் சீட்டைப் பரப்பித்தானே முடிவு பண்ணுவா. நாமளும் அப்படியே பண்ணுவோம்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அம்மா காளையை விற்பதற்கும் பரப்புவாள், அறுவை சிகிச்சைக்குப் போவதற்கும் பரப்புவாள். முடிந்தால் ஆமாம். மாட்டிக்கொண்டால், "சரி, வேணாம்னு சொல்லிடுச்சு" என்று சீட்டை அள்ளிக் கட்டி டப்பாவில் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க எழுந்துவிடுவாள். அதோடு அந்தப் பேச்சு ஒழிந்தது.

வீட்டில் சீட்டுக்கட்டு இருந்தது, அலமாரியில்தான். ஆனால் நீ கொட்டகை ஆபீசுக்கு இழுத்துப்போய் என் கம்ப்யூட்டரில் உன் தளத்தைத் திறந்தாய். "அம்மா மாதிரி ஒரே ஒரு தடவைன்னு நான் சொல்லலக்கா. எத்தனை தடவை வேணும்னாலும் ஆடிக்கோ. இந்த ஆட்டம் முடிஞ்சு, நாலு ராஜாவும் மேல ஏறினா நான் கையெழுத்துப் போடுறேன்." பெருந்தன்மைதான். முதல் முறை மாட்டிக்கொண்டது. நாலாவது முறை மாட்டியதும் நான் எரிந்து விழுந்தேன், நீயும் எரிந்து விழுந்தாய், மறுநாள் காலைப் படகில் போய்விட்டாய்.

ஆட்டத்தின் எண் 40917. இன்று காலையோடு 212 முறை ஆடியிருக்கிறேன்.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மீன் தீவனம் ஏற்றிப்போகிற கப்பல் ஒன்றில் சமையல்காரி இடம் காலியாகிறது, மே பதினெட்டிலிருந்து. இருபத்தாறு வயதில் ஒரு குளிர்காலம் அந்த வேலை பார்த்தேனே, நினைவிருக்கிறதா? அப்பா வைக்கோல் பரணிலிருந்து விழுந்த செய்தி எனக்கு ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகத்தில் வந்தது. ஒரு மாதம்தான், வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். கப்பல்காரரிடம் என் தலையணையைக்கூட விட்டுவந்தேன்.

குன்வோர்


பெர்கன்
பிப்ரவரி 23

அக்கா,

கப்பல் விஷயம் எனக்குத் தெரியாது. உனக்கு நாற்பத்தைந்து வயது, முதுகு உனக்கும் நன்றாக இல்லை. அலையில் சூப் பானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வயதா இது?

கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தால் போடுகிறேன் என்றுதான் சொன்னேன், அந்த வார்த்தையில் இருக்கிறேன். நீ கோபத்தில் ஆடுகிறாய் என்று நினைக்கிறேன். கோபத்தில் ஆடினால் கண்ணுக்கு முன்னால் இருக்கிற சீட்டு தெரியாது. எங்கள் பக்கத்தில் நான் எழுதிய ஆலோசனைகளைப் படி: ஏஸ் வந்தால் உடனே மேலே ஏற்று, நீளமான வரிசையை முதலில் குடை, ராஜா கையில் இல்லாமல் ஒரு வரிசையைக் காலி செய்யாதே. பொறுமையாக ஆடு. இன்னும் நாள் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மாக்னாரின் மகள் நம் சமையலறையில் நின்று, அம்மாவின் அடுப்பைக் கழற்றி வெளியே போடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நம் பெயரே அந்தப் பண்ணையின் பெயர். அதை விற்றுவிட்டு நான் யார் என்று சொல்லிக்கொள்வது? வருடத்துக்கு மூன்று முறைதான் வருகிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்று முறைக்காகத்தான் மீதி நாளெல்லாம் இந்த ஊரில் இருக்கிறேன்.

எய்விண்ட்


ஹௌகன்
மார்ச் 11

எய்விண்டுக்கு,

உன் ஆலோசனைகள் எல்லாம் மனப்பாடம். ஏஸ் வந்தால் மேலே ஏற்று என்கிறாய். கிளாவர் ஏஸ் வந்தால்தானே ஏற்ற? அது ஏழாம் வரிசையின் அடியில் குப்புறக் கிடக்கிறது. இருநூறு முறை ஆடினால் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடாதா? அதற்கு மேல் ஆறு சீட்டு. அந்த ஆறையும் நகர்த்த வேண்டுமானால் கிளாவர் ரெண்டு ஏற வேண்டும், ரெண்டு ஏற ஏஸ் வேண்டும். பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டியிருக்கிறது.

நீ வருடத்துக்கு மூன்று முறை வருகிறாய். நான் எங்கே போகிறேன் என்று யோசித்திருக்கிறாயா? கையால் கறந்த காலத்தில்கூட, கறந்து முடித்தால் அடுத்த கறவை வரை மனுஷிக்கு ஓய்வு. இந்த ரோபோ வந்த பிறகு மாடுகள் நினைத்தபோது அதன் பெட்டிக்குள் போய் நின்று கறந்துகொள்கின்றன. ஒரு மாடு உதைத்துக் குழாயைத் தட்டிவிட்டால் அது எனக்குப் போன் போடுகிறது. போனில் பதிவுக் குரலில் ஒரு அம்மாள் பேசுவாள்: "பெட்டி ஒன்று. கோளாறு." அந்த அம்மாள் கூப்பிட்டால் பதினைந்து நிமிடத்தில் நான் அங்கே நிற்க வேண்டும். பதினைந்து நிமிட நடைதான் என் உலகம். தேவாலயம் பதினேழு நிமிடம். அப்பா அடக்கத்தன்றுகூட மாற்றாள் ரான்டியைக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன். காசிக்குப் போனாலும் கர்மம் விடாது என்பார்கள். நான் காசிக்கே போகவில்லை, அதற்குள் போன் வந்துவிடுகிறது.

கொட்டகை ஆபீசில் இரண்டு திரை. ஒன்றில் எந்த மாடு பெட்டிக்குள் போகிறது என்று ஓடும். இன்னொன்றில் உன் 40917. இரண்டுக்கும் நடுவில் செக்கு மாடு மாதிரி நான்.

இனி வாடிக்கையாளராகக் கேட்கிறேன். எல்லா ஆட்டங்களும் முடியக்கூடியவைதானா? பாதியில் எழுந்து போனால் ஆட்டம் என்ன ஆகும்?

குன்வோர்


பெர்கன்
மார்ச் 20

அக்கா,

இரண்டுமே அடிக்கடி வருகிற கேள்விகள்.

எல்லா ஆட்டங்களும் முடியாது. நூற்றில் ஏறக்குறைய எண்பது முடியும், மிச்சத்தை எவ்வளவு திறமையாக ஆடினாலும் முடிக்க முடியாது. எது எந்த வகை என்று ஆடுகிறவருக்குப் பார்த்ததும் தெரியாது. அதனால் நாங்கள் எல்லோரிடமும் சொல்வது, இன்னொரு முறை முயன்று பாருங்கள் என்பதுதான்.

பாதியில் எழுந்து போகலாம். ஆடுகிறவர் போனாலும் சீட்டுகள் வைத்த இடத்திலேயே இருக்கும். எப்போது திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தேவாலயம் பதினேழு நிமிடம் என்பது எனக்குத் தெரியாது. நாம் சின்ன வயதில் ஓடியே போவோம், அதனால் தெரியவில்லையோ என்னவோ.

இங்கே மழை. ஆபீசில் எல்லோருக்கும் இருமல்.

எய்விண்ட்


ஹௌகன்
ஏப்ரல் 6

எய்விண்டுக்கு,

கேள்வி இது: உங்கள் தளத்தில் புதிய ஆட்டம் தொடங்க எத்தனை முறை அழுத்த வேண்டும்?

நானே பார்த்துவிட்டேன். ஒரு முறை. 'புதிய ஆட்டம்' என்ற பொத்தானை ஒரு முறை அழுத்தினால் சீட்டு தானாக விரிகிறது, எண்ணும் தானாக விழுகிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறது, அதை நான் இத்தனை நாள் கவனித்ததில்லை. குறிப்பிட்ட எண் வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தில் எண்ணைத் தட்ட வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்று நான் உன் பின்னால் நின்றேன். உன் தோள் திரையை மறைத்தது. ஆனால் காது எனக்கு நன்றாகவே கேட்கும். பத்தொன்பது வருடமாக நான் சத்தத்தை வைத்துத்தான் பிழைக்கிறேன், நாலு குழாயில் எது காற்று இழுக்கிறது என்று கதவுக்கு வெளியிலிருந்தே சொல்வேன். நீ விசைப்பலகையை ஐந்து முறை தட்டினாய். அப்புறம் ஒரு தட்டு, பெரிதாக. நேற்று ஸ்னெல்லா மாட்டுக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் என் காதில் திரும்ப வந்தது. குழாயைப் பாதியில் விட்டேன். அவள் உதைத்தாள், வாளி கவிழ்ந்தது.

40917. ஐந்து எண்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். அதோடு விட்டாயா? பொறுமையாக ஆடு, கோபப்படாதே, நீளமான வரிசையைக் குடை என்று எனக்குப் பாடம் வேறு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவன் நீ.

ஒன்றே ஒன்றைச் சொல், ஆமாம் அல்லது இல்லை என்று. அந்த ஆட்டம் முடியாது என்று உனக்கு அப்போதே தெரியுமா?

மே ஒன்றுக்கு இருபத்தைந்து நாள் இருக்கிறது.

குன்வோர்


பெர்கன்
ஏப்ரல் 28

அக்கா,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் அந்த வார்த்தைக்கு முன்னால் இரண்டு பக்கம் சமாதானம் இருந்தது.

சுன்னிவாவின் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. முடியாத ஆட்டங்களின் எண்கள். தளத்தில் எதை மாற்றினாலும், வழி அடைத்துக்கொண்டால் செய்தி சரியாக வருகிறதா என்று அந்த ஆட்டங்களை வைத்துத்தான் பார்ப்போம். முதலில் இருப்பது 40917. நான் அதை நூறு தடவை தட்டியிருப்பேன். அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்தபோது யோசிக்கவே இல்லை, விரல் தானாகப் போனது என்று சொல்ல ஆசைதான். அது பொய். அலமாரியில் சீட்டுக்கட்டு இருந்தது எனக்குத் தெரியும். அதை எடுத்தால் ஒருவேளை முடிந்துவிடுமே என்றுதான் உன்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போனேன்.

நீ இரண்டு நாள் ஆடுவாய், அலுத்துவிடுவாய், விஷயம் அடுத்த வருடத்துக்குப் போகும் என்று கணக்குப் போட்டேன். 212 என்று நீ எழுதினாய். அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஆலோசனை எழுதினேன்.

எனக்குப் போய் வர ஒரு வீடு வேண்டும் என்பதற்காக உன்னை அங்கே உட்கார வைத்திருந்தேன். நான் வரும்போது அடுப்பு எரிய வேண்டும், காபி கொதிக்க வேண்டும், நாய் குரைக்க வேண்டும். அதையெல்லாம் யாரோ ஒருத்தி வருடம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீடு தானாக அப்படி இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாள் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சுன்னிவா சாட்சி போட்டாள். என்னவென்று கேட்டாள், சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு காபி குடிக்க வருவதில்லை.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. நீ வேண்டாம் என்பாய்.

எய்விண்ட்


ஹௌகன்
மே 7

எய்விண்டுக்கு,

உன் தாள் நான்காம் தேதி வந்தது. இங்கே தபால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது என்பதும் மே ஒன்று விடுமுறை என்பதும் பெர்கனில் மறந்துபோகும் போலிருக்கிறது. தபால்காரி உறையைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

தாளை எடுத்துக்கொண்டு மாக்னார் வீட்டுக்குப் போனேன். அவர் படி இறங்கி வந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். மனுஷன் தொப்பியை எடுத்தாலே நல்ல சேதி இல்லை. "ஒண்ணாந்தேதி சாயங்காலம் வரைக்கும் உன் வீட்டு வழியையே பார்த்துக்கிட்டிருந்தேன் குன்வோர். இப்ப கொட்டகை ரொம்பிடுச்சு. புதுக் கொட்டகை அக்டோபர்ல முடியும். அப்ப வா, பேச்சு மாறமாட்டேன்" என்றார். அவர் மேல் தவறில்லை. அக்டோபரில் வாங்குவதாக வாசலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அந்த அம்மாள் போனில் கூப்பிட்டாள். பெட்டி ஒன்று, கோளாறு. ஓடினேன். வேலியோரம் வந்தபோது கால் நின்றுவிட்டது. ஆக, இன்னும் ஐந்து மாதம். உன் மூன்று வாரத்துக்கு விலை என் ஐந்து மாதம், கப்பலும் போயிற்று என்று நினைத்தேன். அழுதேன், மறைக்கவில்லை. மாடுகள் பார்த்துக்கொண்டு நின்றன.

அழுது முடித்த பிறகுதான் வேறொன்று தோன்றியது. ஐந்து மாதம் யாராவது இங்கே இருக்க வேண்டும், சரி. அது நானாக இருக்க வேண்டும் என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது?

அதனால் கேட்டுக்கொள். ரான்டி மே இருபது வரைக்கும் பார்த்துக்கொள்வாள், அதற்கு மேல் அவளுக்கு வேறு பண்ணை இருக்கிறது. இருபத்தொன்றிலிருந்து நீ. உன் வேலைக்கு என்ன வேண்டும்? ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், இணையம். மூன்றும் கொட்டகை ஆபீசில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தும் கேள்விகளுக்குப் பதில் எழுதலாம், நான் கேள்விகளே எழுதினேனே.

ரோபோவைப் பழுது பார்ப்பவனை வரவழைத்துப் போன் எண்ணை மாற்றிவிட்டேன். இருபத்தொன்றாம் தேதி காலையிலிருந்து அந்த அம்மாள் உன்னைத்தான் கூப்பிடுவாள். எடுக்கமாட்டேன் என்று நீ சொல்லலாம். மாடுகளுக்கு அது புரியாது. நீ வராமல் போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஏமாற்றுக்காரன்தான், ஆனால் கன்று கத்தினால் உனக்குத் தாங்காது.

உன் குரல் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். நான் இருக்கமாட்டேன். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசிக்கொள்.

அடுப்பு எரியும், நீ எரித்தால்.

குன்வோர்


ஹௌகன், கொட்டகை ஆபீஸ்
ஜூன் 16

மதிப்பிற்குரிய கேள்வி-பதில் பிரிவினருக்கு,

உங்கள் பண்ணையில் இருக்கும் வாடிக்கையாளர் நான். சில சந்தேகங்கள்.

ஸ்னெல்லா தினமும் குழாயை உதைத்துத் தள்ளுகிறாள். பாட்டுப் பாடிப் பார்த்தேன், இன்னும் மோசம். என்ன செய்வது? மழைக் காலணி இரண்டும் ஓட்டை, எங்கே வாங்குகிறாய்? கடைக்குப் போய்வர இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது. மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் பாதி வழியில் திரும்பினேன். அந்த அம்மாளுக்கு நான் வாசல் தாண்டியது எப்படித் தெரிகிறது?

வந்த இரண்டாவது வாரம் ரோபோவுக்கு மேலே தொங்கும் நாட்காட்டியைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடு, நீ ஆடிய ஆட்டத்துக்கு ஒன்றாக, ஐந்தைந்தாக. எண்ணினேன். 611. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. அந்த அம்மாள் கூப்பிட்டதால்தான் எழுந்தேன்.

சுன்னிவாவிடம் போனில் சொல்லித் தளத்தில் ஒன்றை மாற்றினோம். இப்போது முடியாத ஆட்டமாக இருந்தால், வழி அடைத்தவுடன் 'இந்த ஆட்டத்தை முடிக்க முடியாது' என்று திரையிலேயே எழுதி வரும். இன்னொரு முறை முயலுங்கள் என்ற வரியை எடுத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. பாதியில் எழுந்து போகலாமா? அக்டோபரில் நீ வருவாயா?

எய்விண்ட்


ஹாமர்ஃபெஸ்ட், கப்பலிலிருந்து
ஜூலை 3

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

ஸ்னெல்லாவுக்குப் பாட்டு ஆகாது. உன் பாட்டு யாருக்குமே ஆகாது. இடது கையை அவள் விலாவில் வைத்துச் சும்மா நில். காலணி கூட்டுறவுக் கடையில் கிடைக்கும், போன் செய்தால் பால் வண்டிக்காரன் கொண்டுவந்து கொடுப்பான். அந்த அம்மாளுக்கு எப்படித் தெரிகிறது என்று இத்தனை வருடமாக எனக்கும் புரியவில்லை.

பாதியில் எழுந்து போகலாம், ஆடுகிறவர் போனாலும் சீட்டுகள் வைத்த இடத்திலேயே இருக்கும். இது நீயே மார்ச் 20 அன்று எழுதிய பதில். மாடுகள் இருக்காது. அதனால் உட்கார்.

அக்டோபரில் வருவேன், ஒரு நாள். மாக்னாரிடம் கையெழுத்துப் போட. அம்மாவின் அடுப்பை நீ பெர்கனுக்குக் கொண்டுபோ, யாரும் கழற்றி எறியமாட்டார்கள். உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டாய் என்று படித்தபோது கொஞ்ச நேரம் அது எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

இங்கே இணையம் சரியாகக் கிடைப்பதில்லை. எஞ்சின் பார்ப்பவரிடம் ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. நேற்று மத்தியானம் வாங்கிப் பரப்பினேன். எந்தக் கேள்வியும் கேட்காமல் சும்மாதான். ஆறாம் வரிசையில் மாட்டிக்கொண்டது. சீட்டை அள்ளிக் கட்டி டப்பாவில் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க எழுந்தேன்.

குன்வோர்